புறம் மாறி ஒட்டிய இரண்டரை நிமிடம்

1981, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சென்றாயன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியை விட்டு இறங்கினான். வாரங்கல் பக்கம் ஒரு கரிசல் காடு. போர் போட்டு முடித்து, குழாய்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருபத்துநாலு வயது அவனுக்கு. கம்ப்ரசரின் சத்தத்தை வைத்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் பாதி சீசனில் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

"ஓடறான் பாரு, புடிங்கடா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே சிரிப்பு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். வண்டியின் ட்ரில்லர், ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் அவன் கையில், ஒரு ராத்திரி சென்றாயனைப் பலவந்தப்படுத்தியிருந்தான். மறுநாள் சென்றாயன் அதை ஒரே ஒருவனிடம் சொன்னான். திருச்செங்கோட்டுப் பக்கம் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன், அவனோடு ஒரே நாளில் ரிக்குக்கு வந்தவன், பச்சமுத்து. பச்சமுத்து கொஞ்சம் விழித்தான். பிறகு கைலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, உட்ருங்கண்ணே, எனக்கு இன்னும் கலியாணம் ஆவலீங்கண்ணே!" என்று கத்தியபடி வண்டியைச் சுற்றி ஓடினான். அப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தில், சிறைக்குள் காமெடியன் அப்படித்தான் ஓடுவான்; தொப்பை பெருத்த ஒரு கைதி துரத்துவான். வண்டியே சிரித்தது. ட்ரில்லரும் சிரித்தான். அதற்கப்புறம் சென்றாயனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்கு, "சோறு ஒத்துக்கலீங்க" என்றான். நாமக்கல்லுக்கு மேற்கே சின்னண்ணன் என்பவர் கீற்று வேய்ந்த சினிமாக் கொட்டகை ஒன்று நடத்திக்கொண்டிருந்தார். அங்கே முதலில் ஜெனரேட்டர் பார்த்தான். ஒரே வருஷத்தில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஆனான். பிலிம் அறுந்தால் ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, அவன் ஒட்டுகிற ஒட்டு திரையில் தெரியாது. சனம் விசிலடித்து முடிப்பதற்குள் படம் ஓடத் தொடங்கிவிடும்.

1984இல் அந்தப் படம் அவன் கைக்கே வந்தது. அதுவரை அவன் அதைப் பார்த்ததில்லை. பச்சமுத்து ஆடிக் காட்டியதைத்தான் பார்த்திருந்தான். முதல் ஆட்டத்தை ஆபரேட்டர் அறையின் ஓட்டை வழியே பார்த்தான். ஐந்தாவது ரீலில் வில்லன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தபோது, "அடிங்கடா அவனை!" என்று கொட்டகை கொதித்தது. ஏழாவது ரீலில் கைதி காமெடியனைப் பிடித்து இழுத்தபோது அதே கொட்டகை கண்ணில் நீர் வரச் சிரித்தது. அந்தப் பெண் திமிறிய மாதிரிதான் காமெடியனும் திமிறினான். ஆனால் பின்னால் டொய்ங், டொய்ங் என்று ஒரு இசை.

இரண்டாம் ஆட்டத்தில் அந்த இரண்டரை நிமிடம் இல்லை.

மறுநாள் சின்னண்ணன் வந்து நின்றார். "ஏன்டா சென்றாயா, ஜெயில் காமெடி எங்கடா? சனம் வந்து என்ற சட்டையைப் புடிக்குது!"

"வெட்டிட்டனுங்க."

"வெட்டிட்டியா? நீ என்ன சென்சாரா?"

"டப்பாவுலதான் சுத்தி வெச்சிருக்கறனுங்க. படப்பெட்டி திரும்பிப் போறன்னிக்கு ஒட்டிடறனுங்க. ஒரு அடி கொறையாது."

"அது சும்மா தமாசுடா! இப்பவே ஒட்டு. இல்லாட்டி வேற கொட்டகையைப் பாத்துக்க."

"தமாசு இல்லீங்க. எனக்கு நடந்துச்சுங்க. ரிக்குல, ட்ரில்லர் பண்ணுனான்."

மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது ஒரே மூச்சில் வந்துவிட்டது. சென்றாயன் அவர் வாயையே பார்த்தான், எந்த நொடி சிரிக்கும் என்று. சின்னண்ணன் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அவன் எந்த ஊர்க்காரன்?" என்றார்.

"தெரிஞ்சு என்னங்க பண்றது?"

"சொல்லு, தெரிஞ்சு வெச்சுக்கறேன்."

அன்று மாலை அவரே திரைக்கு முன்னால் போய், "பிரிண்ட் பழசுங்க சாமி, காமெடி அறுந்துபோச்சு" என்றார்.

"அப்ப அந்த எடத்துல நீங்க வந்து ஆடுங்க!" என்றது கூட்டம்.

"நாளைக்கு வா, ஆடறேன்" என்றார்.

பெட்டி கிளம்பும் நாளில் சேலம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. சென்றாயன் அவசரமாக, வெட்டி வைத்திருந்த துண்டை எடுத்து ஒட்டினான். பிலிமின் ஒரு ஓரத்தில்தான் ஒலி பதிந்திருக்கும். புறம் மாற்றி ஒட்டினால் படம் இடவலம் மாறித் தெரியும், பேச்சும் இசையும் வராது. அவன் புறம் மாற்றி ஒட்டிவிட்டான். பத்து நாள் கழித்துப் படக் கம்பெனி ஆள் வந்து குதித்தான்: "ஆத்தூர்ல அந்த சீன் ஊமையா ஓடியிருக்குது! ஒருத்தன் சிரிக்கலை!"

"தப்புத்தானுங்க" என்றான் சென்றாயன். தொழிலில் அவன் செய்த ஒரே தப்பு அது.

அடுத்த வருஷம் அத்தாயியைக் கட்டிக்கொண்டான். கட்டுவதற்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அதன்பின் வந்த படங்களில் அதே மாதிரி தமாசு இருந்த இன்னும் நாலு இடத்தில் கத்தரி வைத்தான். பெட்டி போகும்போது புறம் பார்த்து, இரண்டு தடவை பார்த்து, ஒட்டினான்.

1989இல் நாக்பூர் முத்திரையோடு ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது.

"பங்காளி சென்றாயனுக்கு பச்சமுத்து எழுதிக்கொண்டது. அஞ்சு வருசத்துக்கு முன்னால லீவுல வந்திருந்தப்ப ஆத்தூர்ல அந்தப் படம் பாத்தேன். ஜெயில் சீன்ல சத்தமே வரலை. அந்த ஓடறவன் மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. எங்கிட்ட சொன்னப்ப நீ நின்ன மாதிரியே இருந்துச்சு. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். உனக்கு எழுதத் தைரியம் வரலை. இப்ப இந்த வண்டிக்கு நான்தான் ட்ரில்லர். போன வாரம் புது ஆளு ஒருத்தன் வந்து, உனக்கு நடந்த மாதிரியே தனக்கும் நடந்துச்சுன்னு சொன்னான். சுத்தி நின்னவனுங்க சிரிக்க ஆரம்பிச்சானுங்க. வாயை மூடச் சொன்னேன். பண்ணவனைப் பெட்டியோட எறக்கி உட்டுட்டேன். புது ஆளு வண்டியிலயே இருக்கறான். அன்னிக்கும் எறங்க வேண்டியது நீ இல்லை, பங்காளி."