கோப்பை இல்லாத கடற்கரை

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சண்டை அடிக்கடி வரும். கேம் விளையாடும்போது அது கொடுக்கும் கோப்பைகள் விளையாட்டுக்கு ருசி கூட்டுகின்றனவா, இல்லை விளையாட்டையே வேலையாக்கிவிடுகின்றனவா என்பதுதான் விஷயம். இத்தனை பூப் பறித்தால் ஒரு கோப்பை, இத்தனை மலை ஏறினால் ஒரு கோப்பை என்று திரை ஓரத்தில் சின்னப் படம் ஒன்று வந்து 'டிங்' என்று அடிக்குமே, அதைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் அத்தனை பேரும் கோப்பைக் கட்சி. நான் ஒருத்தி மட்டும் எதிர்க்கட்சி. வெளிநடப்பு செய்கிற எதிர்க்கட்சி இல்லை, டிபன் பாக்ஸை மூடும்வரை உட்கார்ந்து வாதாடுகிற எதிர்க்கட்சி. இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு கோப்பைக்காகச் சொந்தத் தாய்மாமன் கல்யாணத்தையே கோட்டை விட்டவள் நான்.

அது திண்டுக்கல்லில் மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்துபோன காலம். நான் ஐந்தாம் வகுப்பு. பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அம்மாவின் பிறந்த வீடு. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, துபாயில் ஏசி மாட்டும் வேலையில் இருந்தார். கல்யாணத்துக்காக லீவில் வந்தவர் வழக்கம்போல சென்ட் பாட்டில், தைலம், பால் பவுடர் டின், புலி படம் போட்ட கம்பளி எல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஒரு கறுப்புப் பெட்டி. அவரோடு அறையில் தங்கியிருந்த மலையாளி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனதாம். டிவியில் இணைத்ததும் ஒரு தீவு வந்தது. தீவில் ஒரு குதிரை, குதிரை மேல் ஒரு ஆள்.

முதல் வாரம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இன்னொரு வாரத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் அண்ணனும் மாமாவும் மாற்றி மாற்றிக் குதிரையை ஓட்டினோம். எங்கே போக வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது, குதிரைக்கும் தெரியாது. ஒருநாள் ஒரு மண்பாதையில் திரும்பியபோது கடல் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் குழாயில் என்றைக்காவது வருவது, குடத்தோடு சண்டை போட்டுப் பிடிப்பது. இங்கே கேட்பாரில்லாமல் அவ்வளவு தண்ணீர் கிடந்தது. குதிரையை அலையில் நிறுத்திவிட்டு நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த இடியாப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். அம்மா எட்டிப் பார்த்து, அசையாத படத்தை எதற்கு இப்படி முறைத்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாமா எதையோ அழுத்தப்போய் அந்தப் பட்டியல் திறந்துகொண்டது. வரிசை வரிசையாகக் கோப்பைகள். கிடைத்தது மின்னியது, கிடைக்காதது சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெரும்பாலும் சாம்பல்தான்.

"ஏலே, இம்புட்டுக் கப்பு சும்மா கெடக்கு. விட்டுட்டுப் போனா மனசு ஆறுமாடா?" என்றார் மாமா.

மனசு ஆறவில்லை. மறுநாளே மாமா எங்களுக்கு ஷிஃப்ட் போட்டுவிட்டார். காலை ஷிஃப்ட் அண்ணன், நீலப் பூப் பறிக்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் நான், மரத்துக்கு மரம் ஏறி இறகு பொறுக்க வேண்டும். கரண்ட் போகும் நேரம் ஓய்வு. பத்திரிகை வைக்கப் போய்வரும் மாமா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எத்தன ஆச்சு?" என்பார். யாருமே "எங்கே போனீங்க, என்ன பாத்தீங்க?" என்று கேட்கவில்லை. டிங் அடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு டிங்குக்கும் அடுத்த டிங்குக்கும் நடுவில் கொட்டாவிதான். கடலுக்குப் போகலாமா என்று கேட்டால், அங்கே கப்பு இல்லை என்று மாமா தலையை ஆட்டிவிடுவார்.

முதலில் கழன்றுகொண்டது அண்ணன். கல்யாண வேலையாகக் கொல்லையில் பெரியம்மாவும் மற்றப் பெண்களும் சாக்குச் சாக்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் பிரியாணிக்கு அது இல்லாமல் ஆகாது. அண்ணன் போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டான். யார் தோலைக் கிழியாமல் உரிப்பது என்று அங்கே ஒரே சிரிப்பு. மாமா கூப்பிட்டுப் பார்த்தார். "மாமா, எனக்கு வெங்காயமே போதும்" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் போகவில்லை. மாமா நம்பியிருந்தது என் ஒருத்தியைத்தான் என்ற கர்வம் எனக்கு.

கடைசியில் ஒரே ஒரு கோப்பை மிச்சம். தங்கக் கோப்பை. தீவை ஒரே மூச்சில் முழுச் சுற்றும் சுற்ற வேண்டும். குதிரை நிற்கக் கூடாது, பாதையை விட்டு விலகக் கூடாது, நடுவில் நிறுத்திவைத்துவிட்டு எழுந்து போகவும் கூடாது. அரைநாள் பிடிக்கிற வேலை. எங்கள் ஊரில் அரைநாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்தால்தானே! மாமா எடுத்த ஒவ்வொரு முயற்சியும் பாதியில் இருட்டில் போய் முடிந்தது. வீட்டில் இருந்த இன்வெர்ட்டருக்கு ஒரு ஃபேனைச் சுற்றவே மூச்சு வாங்கும். ஒருமுறை கடைசி வளைவில் கரண்ட் போனபோது மாமா மையத்து விழுந்த வீட்டில் உட்காருவது போலத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை கவலையாக இருக்கிறாரே, பெண் பிடிக்கவில்லையோ என்று உறவுக்காரர்கள் அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பந்தல்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தெருவில் இறக்கினார். விளக்கு, மைக், மோட்டார் எல்லாவற்றுக்குமாக அது மறுநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காமல் ஓடும் என்று பேச்சு. எல்லாரும் பந்தலைப் பார்த்தார்கள், மாமா ஜெனரேட்டரைப் பார்த்தார். ஜெனரேட்டர்க்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, ஜன்னல் வழியாக ஒரு வயரைத் தன் அறைக்குள் நேராக இழுத்துவிட்டார். உலகத்தில் எந்த மாப்பிள்ளையும் தன் கல்யாணத்துக்கு இவ்வளவு அக்கறையாக ஓர் ஏற்பாடு செய்திருக்க மாட்டார்.

கல்யாணத்தன்று அதிகாலைத் தொழுகை முடிந்து ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதுமே குதிரை கிளம்பிவிட்டது. ஊர்வலத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்பது திட்டம். ஆனால் முடி திருத்துபவர் வந்தார், குளிக்கக் கூப்பிட்டார்கள், மாலை போட வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஜாய்ஸ்டிக் என் கைக்கு வந்து திரும்பிப் போனது, என் கையில் குதிரை நடைதான் போட்டது. வாசலில் கார் ஹாரன் அடித்தபோது இன்னும் பாதித் தீவு பாக்கி.

அந்தத் தெருமுனையில்தான் பள்ளிவாசல். ஆனாலும் மாப்பிள்ளை ஊரைச் சுற்றிக் காரில்தான் போய் இறங்க வேண்டும். அந்தக் காரின் முன் சீட்டை மாமா எனக்கு என்றைக்கோ வாக்களித்திருந்தார். அதற்காகவே பச்சைப் பட்டுப் பாவாடை தைத்து, விடிவதற்குள் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமா என் முன்னால் மண்டியிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார்.

"கண்ணு, ஒன்ன விட்டா ஆளில்ல. நிக்காஹ் முடிஞ்சதும் ஓடியாந்துர்றேன். குதிரைய மட்டும் நிறுத்திராத."

"காரு, மாமா?"

"காரு எங்க போயிறப் போகுது? சாயங்காலம் ஒன்ன மட்டும் வச்சுத் தனியா ஒரு ரவுண்டு அடிக்கிறேன்."

அந்த ரவுண்டு இன்றுவரை பாக்கி. முன் சீட்டில் வெங்காய வாசனையோடு அண்ணன் ஏறிக்கொண்டான்.

வீடு காலியானது. நான் ஓட்டினேன். மைக்கில் ஓதுவது கேட்டது. செத்த நேரம் கழித்துச் சிரிப்பும் சலசலப்பும் கேட்டன, பேரீச்சம்பழம் கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. சம்பந்தி வீட்டார் கல்கண்டும் கலந்து கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. கொடுத்தார்களா என்று போய்ப் பார்க்கக்கூட வழியில்லை. தம் உடைத்த பிரியாணி வாசனை ஜன்னல் வழியாக வந்தது. முழங்கால் வலியால் வீட்டிலேயே தங்கிவிட்ட பெரியம்மா ஒரு தட்டில் கொண்டுவந்து வாயில் ஊட்டிவிட்டார். "கல்யாண வீட்ல புள்ளைக்கு இப்டி ஒரு கூலி வேலையா?" என்று மாமாவை வாயாரத் திட்டினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே அழுதேன், துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் கூட்டமாக வந்து மணப்பெண்ணை அந்த அறையில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். மாமி பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர். அவரது வீட்டார் காலையிலேயே வேனில் வந்து பக்கத்து வீட்டில் இறங்கியிருந்தார்கள். உட்காரவைத்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அறையில் நானும் மாமியும் குதிரையும் மட்டும். பிறகு கட்டிலில் இருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அழுவறயா கண்ணு?"

"இல்ல."

"அப்புறம் அதை நிறுத்தீட்டுப் போய் வெளையாட வேண்டீதுதானே?"

"இதுதான் வெளையாட்டு" என்றேன்.

சொன்னதும் எனக்கே அது அபத்தமாகப் பட்டது. கோப்பை, குதிரை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். மாமி சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. மாமி மருதாணிக் கையை நீட்டிக் காட்டினார்.

"அந்தப் பக்கம் போனா என்ன வரும்?"

"கடல். ஆனா அங்க கப்பு இல்ல."

"நான் கடலே பாத்ததில்ல கண்ணு. ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்லாமா?"

திருப்பினால் அத்தனையும் போய்விடும். விடியற்காலையில் இருந்து ஓடியது, மாமா மண்டியிட்டுக் கேட்டது, முன் சீட்டு, எல்லாம். நான் திருப்பினேன். முயற்சி தோற்றது என்று திரையில் ஏதோ எழுத்து வந்து போனது. அதன் பிறகு குதிரை ஓடிய ஓட்டம் இருக்கிறதே! எனக்குத் தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல் இருந்தது. கடல் வந்ததும் ஜாய்ஸ்டிக்கை மாமியிடம் கொடுத்தேன். வளையல்கள் அதில் மோதிக் கலகலத்தன, குதிரை அலைக்குள் கிறுக்குப் பிடித்தாற்போல் சுற்றியது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா உள்ளே வந்தது தெரியவில்லை.

மாலையும் கழுத்துமாக நின்றவர் முதலில் பார்த்தது டிவியைத்தான்.

"நிறுத்திட்டியா புள்ள?"

"ஆமா. நான்தான் திருப்புனேன்" என்று எழுந்து நின்றேன். பயம் இல்லை. கேட்டால் பேசுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

மாமியும் எழுந்துவிட்டார். "நாந்தானுங்க கேட்டேன். புள்ளயத் திட்டாதீங்க." அவர்கள் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது இதுதான் என்று அம்மா பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாமா மாலையைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குதிரை அலையில் நின்றுகொண்டிருந்தது. மாமி அதைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்தக் கடலுக்கு அந்தப்பக்கம் போக முடியாதுங்களா?"

இவ்வளவு எளிய கேள்விக்கு மாமா ஏன் தயங்குகிறார் என்று எனக்கு ஆச்சரியம். நானே முந்திக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனால் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று இருக்கிறது, குதிரை அதில் முட்டித் திரும்பிவிடும், கேமைச் செய்தவர்கள் அந்தப்பக்கம் எதையும் செய்யவில்லை என்று விளக்கமாக எடுத்துச் சொன்னேன். இருவரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"ரெண்டு வருசம்தான். சட்டுனு ஓடிரும்" என்றார் மாமா.

அந்தத் தங்கக் கோப்பையை மறுபடி முயற்சி செய்ய இரண்டு வருஷம் ஆகும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த மாத முடிவில் மாமா துபாய்க்குப் போனார். பெட்டியை எடுத்துப் போகவில்லை. பள்ளி விட்டு நான் போகும்போது, கரண்ட் இருந்தால், மாமி மதிய வேலைகளை முடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். பூப் பறிக்க மாட்டார், இறகு பொறுக்க மாட்டார். கோப்பைப் பட்டியலை அவர் திறந்து நான் பார்த்ததே இல்லை. குதிரையை நேராகக் கடலுக்கு ஓட்டி, அலையைத் தாண்டி, அந்தச் சுவர்வரைக்கும் போவார். குதிரை முட்டித் திரும்பும். மறுபடி ஓட்டுவார்.

ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். "மாமி, அங்க ஒண்ணுமே கெடையாது. அதுக்கு மேல போவாது."

"தெரியும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, மாமி குதிரையை மறுபடியும் அந்தப் பக்கமே திருப்பினார்.

கோப்பையை எண்ணாமல் விளையாட்டுக்காகவே விளையாடுகிற ஓர் ஆளை என் கட்சிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.