வாளி தூக்காமல் தண்ணீர் மாற்றுவது

எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் திவ்யா போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, "ஆன்ட்டி, ஒரு வேடிக்கை காட்டறேன், வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி. அதிலிருந்து பாம்பு மாதிரி ஒரு நீளக் குழாய் சமையலறைக் குழாய் வரைக்கும் போகிறது. தண்ணீரைத் திறந்ததும் அது ஓடுகிற வேகத்திலேயே தொட்டியின் அழுக்குத் தண்ணீர் இழுபட்டு சிங்க்கில் கொட்டியது. அப்புறம் நடுவில் இருந்த ஒரு திருகைத் திருப்பினாள். புதுத் தண்ணீர் அதே குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பி வந்தது. குளோரினை முறிக்க ஏதோ நாலு சொட்டு விட்டாள். முடிந்தது.

"பாத்தீங்களா, வாளியே வேணாம். தூக்கற வேலையே இல்ல" என்றாள்.

"நல்லாயிருக்கும்மா" என்றேன். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசனை இருக்கிறதே, பாசியும் ரப்பரும் கலந்த ஈர வாசனை, அது என் பின்னாலேயே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அடுப்பில் பாலை வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகுதான் பால் வைத்த ஞாபகம் வந்தது.

அந்த வாசனைக்குச் சொந்தமான வீடு சாந்தோமில் இருந்தது. மாதா கோயிலுக்குப் பின்பக்கம் கடலைப் பார்த்துப் போகிற சந்துகளில் ஒன்றில், மாடிப் போர்ஷன். என் வீட்டுக்காரர் அந்தோணி ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தேன். படித்தது பத்தாவது. மிச்சப் படிப்பெல்லாம் புடவை எடுக்க வந்தவர்கள் வாயிலிருந்து கற்றதுதான். ஒரு அம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கட்டிக்கப் போறது நானு, பாக்கப் போறது ஊரு. ஊருக்குப் புடிச்சதா எடும்மா." இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் சாயங்காலம் வந்து அவரிடம் ஒப்பிப்பேன். சிரிப்பார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமான பேச்சை நானே பேசிவிடுவேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது தடவை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்குப் போகக் கூடாது, மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது, கட்டிலை விட்டே அதிகம் எழுந்திருக்கக் கூடாது. "ஒரு சொம்புத் தண்ணிகூடத் தூக்காத. இது தங்கணும்னா நீ அசையாம இருக்கணும்."

நின்றே பழகியவளைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? நாலே நாளில் நான் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன். டிவி வாங்குகிற நிலைமை இல்லை. ஒருநாள் அவர் தோளில் ஒரு கண்ணாடித் தொட்டியோடு படியேறி வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்து, தண்ணீர் நிரப்பி, ஆரஞ்சு நிறத்தில் சில மீன்களை விட்டார். "இன்னாமே, இனிமே இதுங்களோட பேசு. திருப்பிப் பேசாது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

மீன் வந்துவிட்டது சரி, தண்ணீர்? அந்தச் சந்தில் போர் தண்ணீர் கரிக்கும், கைகழுவத்தான் ஆகும். நல்ல தண்ணீர் லாரியில் வரும். குடத்தில் பிடித்து, ஆள் ஒருக்களித்து ஏறுகிற படிக்கட்டில் மேலே கொண்டுவர வேண்டும். தொட்டியின் பழைய தண்ணீரை வாளியில் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தினமும் அவர் வேலைக்குப் போகும்போது நான் ஏதாவது தூக்கிவிடுவேனோ என்று பயம் அவருக்கு. அந்தப் பயத்தில்தான் வாளி தூக்காமல் தண்ணீர் மாற்றுவதற்கு வழி தேட ஆரம்பித்தார்.

முதல் வழி, லேப்பில் கழித்துப் போட்ட ரப்பர் குழாய். ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, இன்னொரு முனையை வாயில் வைத்து உறிஞ்சி, ஜன்னல் வழியாகக் கீழே விட்டால் தண்ணீர் தானாகவே இறங்கும். உறிஞ்சும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உள்ளே போய்விடும். ஓடிப்போய் ஓங்கரிப்பார். கீழ்ப் போர்ஷனில் வீட்டின் சொந்தக்காரி பிலோமினா அக்கா. அவர் கத்துவார்: "டேய் அந்தோணி, முழுகாம கீறது அவளா, நீயா?"

ஒருநாள் குழாயின் கீழ்முனை கை நழுவி, முற்றத்தில் அக்கா காயப்போட்டிருந்த கருவாட்டின் மேலே போய்த் துள்ளியது. அக்கா மேலே நிமிர்ந்து பார்த்தார். "இன்னா நைனா, செத்த மீனுக்கு உயிர் குடுக்கறியா?"

அன்றிலிருந்து உறிஞ்சுவதை விட்டுவிட்டார். குழாய் முழுவதையும் தொட்டிக்குள் முக்கி, தண்ணீர் நிறைந்ததும் ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்துத் தாழ்வாக விட்டால் போதும், தானே ஓடுகிறது. இது முதலிலேயே தோன்றவில்லையா என்று கேட்டேன். "தோணியிருந்தா அக்கா இன்னா பேசும், பாவம்" என்றார்.

அடுத்தது புதுத் தண்ணீர். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்தார். தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு குடமாகக் கொண்டுபோய் ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறைந்துவிடும், லாரித் தண்ணீரின் மருந்து வாடையும் போய்விடும். டிரம்மிலிருந்து இன்னொரு குழாய் ஜன்னல் வழியாகத் தொட்டிக்கு. இரண்டு குழாய்களிலும் லேப்பில் ரப்பரை இறுக்கிப் பிடிக்கிற கிளிப். இரண்டு கிளிப்பும் என் தலைமாட்டில். ஒன்றைத் திறந்தால் பழையது முற்றத்துக்குப் போகும், மற்றதைத் திறந்தால் புதியது வரும். படுத்தபடியே மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றியவள் மெட்ராஸிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

சித்திரை வெயிலை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் ஆசையாக, நடு மத்தியானத்தில் கிளிப்பைத் திறந்து காட்டினார். வந்தது வெந்நீர். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. பானைத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினார். சத்தம் கேட்டு ஏறிவந்த பிலோமினா அக்கா, "உயிரோடவே கொதிக்க வுட்டியா? சொல்லியிருந்தா மசாலா அரைச்சிருப்பேனே" என்றார். ஒன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன. அப்புறம் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு. தண்ணீர் மாற்றுவது, என் வீட்டுக்காரர் கோயில் பூசைக்குப் போயிருக்கும் விடிகாலையில் என்று ஆனது. மணிச்சத்தம் கேட்டதும் நான் கிளிப்பைத் திறப்பேன். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உதை வரும். தண்ணீர் சலசலக்கிற சத்தம் அதற்குப் பிடித்திருக்கிறது என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

எட்டாம் மாதம் அந்த உதை நின்றுவிட்டது.

பெண் குழந்தை. அழவில்லை. "அவகிட்ட காட்டாதீங்க, பாத்துட்டா தேற மாட்டா" என்று மாமியார் சொன்னது அரை மயக்கத்தில் காதில் விழுந்தது. அப்போதெல்லாம் அப்படித்தான், தாய்க்குக் காட்ட மாட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வார்டு வாசலைத் தாண்டிப் போனதை, அவருடைய முதுகைத்தான், நான் பார்த்தேன். அவரே கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது தொட்டி பச்சையாகக் கிடந்தது. மேலே டிரம் காலி. உடம்பு தேறி, அவர் வேலைக்குப் போக ஆரம்பித்த ஒரு காலையில் சந்தில் லாரி வந்தது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நிரப்பி, இடுப்பில் வைத்துப் படியேறினேன். பின்னாலிருந்து பிலோமினா அக்கா, "ஏய், எறக்குடி கீழ, இன்னா நெனப்புல கீற, டாக்டரு…" என்று ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார்.

இனி நான் எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம். அது அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அந்த வாய்க்காரி ஏறிவந்து, குடத்தின் அடியில் கையைக் கொடுத்து, கடைசிப் படி வரைக்கும் தாங்கிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அவர் ஈரக் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை குழாய்களைச் சுருட்டி, கிளிப்புகளைக் கழற்றி லேப்புக்கே கொண்டுபோய்விட்டார். அதற்கப்புறம் நாங்கள் குவளையால்தான் மாற்றினோம். அவர் மொண்டு வாளியில் ஊற்றுவார், நான் புதியதை மெதுவாக விடுவேன். ஒரு மணிநேரம் ஆகும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "முடி நெறைய இருந்துச்சிமே."

எனக்குக் குவளை கையில் நின்றுவிட்டது. எங்கள் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. திருப்பி எதையும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். வாயாடியான நான் அந்த ஒரு மணிநேரம் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன்.

பல வாரம் ஒன்றும் வராது. திடீரென்று ஒருநாள் வரும். "மூக்கு ஒன்னுதுதான்." இன்னொரு நாள், "எடது காது மேல லேசா மடங்கிக்கினு இருந்துச்சி." சாப்பிடும்போதோ படுத்திருக்கும்போதோ அவர் அவளைப் பற்றிப் பேசியதே இல்லை. கை தண்ணீரில் இருக்கும்போது மட்டும்தான். பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவர், தண்ணீர் இறைக்கச் சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள் என்றாராம். "வேணாம் சார், எங்களுக்கு இதுவே சௌரியம்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். வேறு குழந்தை எங்களுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

பிலோமினா அக்கா காலமானதும் அவர் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. கருவாடு காய்ந்த இடத்தில் கார் நிற்கிறது. நாங்கள் அடையாறுக்கு வந்தபோது வண்டியில் தொட்டி விரிசல் விட்டுவிட்டது. வேறொன்று வாங்கலாமா என்று கேட்டேன். "வயசாச்சிமே, போதும்" என்றார். அதோடு அவளைப் பற்றிய பேச்சும் நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் அவரும் போய்விட்டார். அவளைப் பார்த்தவர், பார்த்ததை வைத்திருந்தவர், அவர் ஒருவர்தான்.

முடி நிறைய. என் மூக்கு. மடங்கிய இடது காது. தாடையில் ஒரு சின்னக் குழி, அது கடைசியாகச் சொன்னது. இவ்வளவும் சேர்த்து ஒரு முகம் வைத்திருக்கிறேன். கையைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. விரல்கள் மூடியிருந்தனவா, விரிந்திருந்தனவா என்று எனக்குத் தெரியாது.