சூட்டுத் தட்டும் அதிர்வேட்டும்

நான் வேலை பார்க்கும் மருந்தியல் கல்லூரி பெரிய காஞ்சிபுரத்தில், சாமி புறப்பாடு வரும் வீதிக்கு அடுத்த சந்தில் இருக்கிறது. மாடியில் சோதனை விலங்குகளுக்கான கூடம். அங்குள்ள வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தீவனம் வைப்பது, கூண்டு மாற்றுவது, சோதனையின்போது அவற்றைக் கையாள்வது எல்லாம் என் பொறுப்பு. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் எட்டு நாற்பதுக்கு வந்து இறங்குவேன். முதல் வேலை, அறையின் வெப்பத்தை நோட்டில் எழுதுவது. இருபத்தியோரு வருஷத்தில் ஒருநாள்கூட அது விட்டுப்போனதில்லை.

அந்த வருஷம் எம்.ஃபார்ம் மாணவி ஒருத்தி, நொச்சி இலைச் சாறு வலியைக் குறைக்கிறதா என்று பார்க்க வந்தாள். முசரவாக்கத்தில் விவசாயம் செய்யும் சமணக் குடும்பம். எலிகளை வைத்துச் சோதனை என்று கேட்டதும் அவள் அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம். நெறிமுறைக் குழு இருபத்திநான்கு எலிகளுக்கு அனுமதி கொடுத்திருந்தது.

"அதுக்கு மேல ஒண்ணுகூட வேணாம்ணா. அப்பாகிட்ட இந்தக் கணக்குதான் சொல்லி ஒத்துக்க வெச்சிருக்கேன்" என்றாள்.

சோதனை எளிது. ஐம்பத்தைந்து டிகிரி சூட்டுத் தட்டில் எலியை விடுவோம். சூடு உறைத்ததும் அது பாதத்தை நக்கும், அல்லது குதிக்கும். அந்தக் கணமே தூக்கிவிட வேண்டும். நக்காவிட்டாலும் பதினைந்து விநாடிக்கு மேல் விடக்கூடாது, பாதம் புண்ணாகிவிடும். மருந்து கொடுத்த பிறகு கூடுதல் நேரம் நின்றால் வலி குறைந்திருக்கிறது என்று பொருள். மருந்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றையும் ஒருமுறை விட்டுப் பார்ப்போம். அப்போதே பத்து விநாடி தாண்டி நிற்கும் எலி ஆகாது, கழித்துவிட வேண்டும்.

முதல் எலி பதினொன்று புள்ளி இரண்டு விநாடி நின்றது. அடுத்தது பன்னிரண்டு. எட்டாவதோடு நிறுத்திவிட்டோம். எட்டில் ஆறு கழிவு.

"மருந்தே குடுக்கல, அதுக்குள்ள வலி போயிடுச்சா? அப்ப நான் இன்னாத்துக்கு?" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இந்தக் கணக்கில் போனால் புது எலிகள், புது அனுமதி, ஆறு மாதம் தள்ளிப்போகும் பட்டம். அதைவிட, அப்பாவிடம் போய் இன்னொரு கணக்குச் சொல்ல வேண்டும்.

"தட்டு சரியா சூடாவலையாண்ணா?"

எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு தெர்மாமீட்டர் வைத்துக் காட்டினேன். சரியாக ஐம்பத்தைந்து. நோட்டையும் புரட்டினேன். தீவனம் வைத்த நேரம், விசிறியின் வேகம், கூண்டுக்குப் புது உமி போட்ட நாள், எல்லாம் இருந்தது. பிழை எங்கேயும் இல்லை.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் விடுப்பில் சொந்த ஊரான கோயம்புத்தூருக்குப் போயிருந்தார். சாயங்காலம் அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நாலு வாக்கியம் சொல்லியிருப்பாள்.

"அதென்னம்மா சத்தம்?" என்றார் அவர்.

"எந்த சத்தம் சார்?"

"டமார்னு கேக்குதே. அங்க குண்டு கிண்டு போடறாங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஓ, அது வேட்டு சார். கொடியேத்தம் இன்னிக்கு. சாமி வருது" என்றாள்.

"காலைலயும் போட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "போட்டிருப்பாங்க சார்" என்றேன்.

"போட்டிருப்பாங்களா? நீங்க அங்கதானுங்க இருந்தீங்க? காது இருக்குதுங்களா, இல்ல அதையும் உண்டியல்ல போட்டுட்டீங்களா?"

பிறகு விளக்கினார். எலி மிரண்டுபோனால் அதன் உடம்பே வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்துவிடும். பயம் தெளிந்தால் பழையபடி ஆகும். உற்சவம் முடியட்டும், எலிகளை நிம்மதியாக விடுங்கள் என்றார். மருந்து எதுவும் கொடுக்காததால் இன்னொரு முறை பார்ப்பதில் தவறில்லை.

போனை வைத்ததும் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "நம்மளுக்கு அது சத்தமே இல்லண்ணா. எலிங்க ஊருக்குப் புதுசு இல்ல? வந்து ஒரு மாசம்தான் ஆவுது."

மறுநாளே நோட்டில் 'சத்தம்' என்று ஒரு பத்தி கோடு போட்டுச் சேர்த்தேன். எதிர் வீட்டு மிக்ஸி, குக்கர் விசில், ஆட்டோ ஹாரன் எல்லாம் நேரத்தோடு அதில் ஏறின. கூடத்துக்குள் வந்தால் அவள் அதைத்தான் முதலில் எட்டிப் பார்ப்பாள்.

"நேத்து நான் தும்முனதையும் எழுதிட்டீங்களாண்ணா?"

"எழுதிட்டேன். பத்து பதினாலு."

"ரெண்டு தும்மல்ணா."

திருத்தி எழுதினேன்.

உற்சவம் முடிந்து மூன்றாம் நாள் மறுபடி தட்டைச் சூடேற்றினோம். முதல் எலி ஐந்து புள்ளி நான்கில் பாதத்தை நக்கியது. அவள் ஸ்டாப்வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆறு, ஐந்து, நான்கு புள்ளி எட்டு. இருபத்திமூன்றாவது மட்டும் ஒன்பது தாண்டியும் மீசையைத் துடைத்துக்கொண்டு நின்றது. "நக்குடா, நக்குடா" என்று மூச்சுக்குள்ளேயே கெஞ்சினாள். ஒன்பது புள்ளி ஆறில் நக்கியது. கடைசி எலியைக் கூண்டில் விட்டுவிட்டு எழுதினேன்: இருபத்திநான்கில் கழிவு இல்லை.

"அப்பாக்கு சொல்லிட்டு வந்துடறேண்ணா" என்று கிளம்பினாள்.

"மெதுவா போமா. இன்னும் தெளிஞ்சிக்கினுதான் இருக்குதுங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூண்டு வரிசையைத் தாண்டி நுனிக்காலில் நடந்து வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதன் பிறகு மாடிப்படியில் அவள் தடதடவென்று ஓடி இறங்குவது கேட்டது. மணி பார்த்தேன். பதினொன்று முப்பத்திரண்டு. அதையும் 'சத்தம்' பத்தியில் எழுதினேன்.