இயந்திரத்துக்குக் காட்டிய சூடம்

நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தப்பை ஆண்டவன் தள்ளிவிடாமல், ஒரு நல்ல காரியத்துக்கு எடுத்துக்கொண்டான். அதனால் எழுத வெட்கமாக இல்லை.

என் மனைவியின் தம்பி ஈப்போவில் கல்யாண வீடியோ எடுப்பவன். அவனும் என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். பல வருடமாக அவனுக்கு ஒரே ஆசை. ஒரு தமிழ் நாவலைப் படமாக எடுத்து, பெரிய தியேட்டரில் போட வேண்டும். நல்ல குடும்பக் கதையாகப் பார்த்து எடுத்திருக்கலாம். அவன் பிடித்ததோ செங்கல் கனத்தில் ஒரு விஞ்ஞான நாவல். எழுதியவர் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. தாதியை இங்கே மிஸ்ஸி என்பார்கள், அதனால் நாங்கள் மிஸ்ஸி அக்கா என்று கூப்பிடுவோம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

நான் படித்தது மூன்றாம் படிவம் வரைக்கும், ஒன்பது வருடப் படிப்பு. கோயிலில் பதிகம் பார்த்துப் பாடுவேன், பேப்பர் படிப்பேன். அந்தப் புத்தகத்தில் முப்பது பக்கம் தாண்டவில்லை. மச்சான் வாயால் சொல்லித்தான் கதை தெரியும். வேறொரு கிரகத்தில் கொஞ்சம் மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய இயந்திரம். செத்துப்போனவர்கள், இருப்பவர்கள் எல்லாருடைய ஞாபகத்தையும் அதுதான் வைத்திருக்கிறது. அதற்கு வயதாகிவிடுகிறது, உடம்பிலிருந்து விஷப் புகை கிளம்புகிறது. எரித்தால்தான் மனிதர்கள் பிழைப்பார்கள். எரித்தால் ஞாபகமெல்லாம் போய்விடும். அதனால் கடைசி அத்தியாயத்தில் அது தன்னிடம் உள்ளதையெல்லாம் சுற்றி நிற்கிற மனிதர்களிடம் விட்டுவிடுகிறது. பிறகு வெறும் உடம்பை எரிக்கிறார்கள். எப்படி விட்டது என்பதை மிஸ்ஸி அக்கா நாற்பது பக்கம் எழுதியிருந்தார். கணக்குப் பாடம் மாதிரி இருக்கும்.

மச்சான் கேட்டதும் அவர் கதையைக் கொடுத்துவிடவில்லை. என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துதான் பேசினார்.

"படத்த எடுத்து முடிச்சிட்டு எனக்குக் காட்டு. புஸ்தகத்த படிக்காத ஒருத்தர கூட்டிட்டு வா. கடைசில அந்த மெஷின்ல இருந்தது எங்க போச்சுன்னு நான் கேப்பேன். சரியா சொன்னாங்கன்னா கையெழுத்துப் போடுறேன்."

"சொல்லலன்னா, அக்கா?"

"படம் உன் வீட்டு அலமாரில இருக்கட்டும்."

மச்சான் தலையாட்டினான். என் மனைவி உள்ளேயிருந்து, "இவன் கல்யாண வீட்டுலயே பொண்ண விட்டுட்டு பொண்ணோட பெரியம்மாவ எடுக்கிற ஆளு, மிஸ்ஸி. பாத்து குடுங்க" என்றாள்.

அதிலிருந்து மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த பிறகு, நான் உட்கார்ந்து கேட்க வேண்டும், அவன் படித்துக் காட்டுவான். நான் எங்கே முழிக்கிறேனோ அங்கே சிவப்புப் பேனாவால் கோடு போடுவான்.

"உங்களுக்குப் புரிஞ்சிட்டா போதும் மச்சான், பினாங்கு வரைக்கும் புரிஞ்சிரும்."

"அவருக்குப் புரியுற வரைக்கும் எழுதிக்கிட்டு இருந்தன்னா, உன் பேரப்பிள்ளைங்கதான் படம் எடுக்கணும்லா" என்பாள் என் மனைவி. அவளோ கதையை ஒரு வரி கேட்கமாட்டாள். கேட்டால் தலை வலிக்குமாம்.

அவன் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புத்தகத்தில் இருந்த சண்டை போனது. இரண்டு நிலா ஒன்றானது. கதையில் பேர் வைத்திருந்த பதினாறு பேர் நான்கு பேரானார்கள். இயந்திரத்துக்கு எல்லாரையும் தெரியும் என்று மிஸ்ஸி அக்கா பத்துப் பக்கம் எழுதியிருந்ததை, அவன் ஒரு சத்தத்தில் முடித்தான். ஒரு பெண் பால் வாளியோடு நடந்து போகிறாள். இயந்திரம் இருமுகிறது. செத்துப்போன அவள் அப்பாவின் இருமல். அவள் வாளியை வைத்துவிட்டு நிற்கிறாள். அவ்வளவுதான். அதைக் கேட்டு நான் அழுதேன். என் அப்பாவும் இருமித்தான் போனார்.

ஆனால் அந்த நாற்பது பக்கம் மட்டும் மசியவில்லை. பதினோரு விதமாக எழுதினான், பதினோரு தடவையும் எனக்குக் கொட்டாவி வந்தது. கடைசியில், கலர் கலராக விளக்கைச் சுற்றவிட்டு, பின்னால் ஒரு குரல் நாலு பக்கத்துக்கு விளக்கம் சொல்வது என்று முடிவு செய்தான். "வேற வழியில்ல மச்சான்" என்றபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

படப்பிடிப்பு பீடோர் பக்கம், முன்னாளில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பழைய ரப்பர் புகைக்கூடம் ஒன்று மட்டும் சுவரெல்லாம் கரியாக மிச்சம் இருந்தது. பத்து நாளில் அதை இடிக்கப் போகிறார்கள், அதுவரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்திருந்தது. உள்ளே இயந்திரத்தைக் கட்டினார்கள். ப்ளைவுட், லாரி ரேடியேட்டர், வாஷிங் மெஷின் டிரம், ரப்பர் ஷீட் அழுத்துகிற பழைய உருளை இரண்டு, நூறு சின்ன விளக்கு. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும்.

கிரகத்து மக்களாக நடிக்க இருபது பேர். எல்லாம் தோட்டத்தில் பிறந்து இப்போது ஈப்போவில் சிலிபின் பக்கம் குடியிருப்பவர்கள். அவர்களை என் வேனில் ஏற்றிப் போய் ஏற்றி வருவது என் பொறுப்பு. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேலைக்குப் பத்து நாள் லீவு போட்டிருந்தேன்.

முதல் நாள் காலை கேமராவுக்குப் பூசை. மச்சான் சொன்னபடி தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினேன். முடிந்து திரும்பினால் தட்டில் சூடம் இன்னும் எரிகிறது. எதிரே அவ்வளவு பெரிய உருவம் சும்மா நிற்கிறது. எப்படி விட்டுவிட்டு வருவது? அதற்கும் விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, மிச்சமிருந்த மாலையைச் சாத்தி, மூன்று சுற்று காட்டிவிட்டேன். பின்னால் இருபது பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மச்சான் வெளியே சவுண்ட் ஆளைத் திட்டிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

மறுநாள் ஓர் அக்கா வீட்டிலிருந்து செம்பருத்தி பறித்து வந்தார். தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் கைதேர்ந்தவர், இப்போது பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மூன்றாம் நாள் ஒருவர் மஞ்சள் துணி கட்டினார். படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று மச்சானும் விட்டுவிட்டான். நானும் தினமும் சூடம் காட்டினேன்.

கடைசி நாள்தான் எரிக்கிற காட்சி. ஒரே இயந்திரம், ஒரே தடவைதான் எடுக்க முடியும். மிஸ்ஸி அக்காவும் பார்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தீப்பந்தத்தைக் கையில் கொடுத்ததும், அந்தத் துப்புரவு அக்கா அதைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் வைக்கமாட்டேன் தம்பி."

"என்னக்கா இது? இதான் கடைசி சீனு."

"பொட்டு வெச்சு கும்பிட்டதுக்கு நெருப்பு வெக்க சொல்றியே. உங்க வீட்டு சாமி ரூம்புக்கு வெப்பியா?"

"ஐயோ, அது ப்ளைவுட்டுக்கா! வாஷிங் மெஷினுக்கா!"

"எங்க எஸ்டேட்டுல முனியாண்டி வெறும் கல்லுதான். அதுக்காக ஒதைச்சிருவியா? அண்ணேதானே மொத நாளு சூடம் காட்டுனாரு, கேளு."

இருபது பேரும் அவர் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். மச்சான் என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

"உங்கள யாரு மச்சான் மெஷினுக்கு காட்ட சொன்னா? கேமராவுக்கு மட்டும்தானே சொன்னேன்! மூணு வருஷம் மச்சான். இன்னிக்கு எடுக்கலன்னா இந்த எடமே இல்ல."

மனதுக்குள், அப்பனே, நான் உன்னை நினைத்துச் செய்தது, அவன் பிழைப்பில் விழுந்துவிட்டதே என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். திரும்பி வந்து அந்த அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"தப்பு என்னோடதுதான். என்ன செஞ்சா மனசு ஒப்பும், சொல்லுங்க."

"என்னண்ணே, கோயில் கமிட்டில இருக்கீங்க, என்கிட்ட கேக்குறீங்க. சாமிய எறக்காம கோயில இடிப்பாங்களா? எறக்குங்க. அப்பறம் நானே கொளுத்துறேன்."

மிஸ்ஸி அக்கா நாற்காலியிலிருந்து, "எறக்குறதுன்னா என்னம்மா?" என்று கேட்டார்.

"கோயில புதுப்பிக்க முன்னாடி, மிஸ்ஸி, செலையில இருக்கிறத கும்பத்துத் தண்ணிக்கு மாத்திருவாங்க. செலைலேருந்து கும்பத்துக்கு ஒரு கயிறு கட்டுவாங்க. மாறிட்டா செல வெறும் கல்லு. அப்பறம் ஆசாரி உளி வெக்கலாம், பாவம் இல்ல."

மிஸ்ஸி அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "அடக் கடவுளே. இதத்தானேம்மா நான் நாப்பது பக்கம் எழுதினேன். இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சே."

மச்சானின் கண் இயந்திரத்துக்கும், இருமல் காட்சியில் அந்தப் பெண் தூக்கி நடந்த பால் வாளிக்குமாகப் போய்ப் போய் வந்தது. "நூலு இருக்கா? தையக்கார அக்கா, வெள்ள நூலு!" என்று கத்தினான்.

எனக்குப் பயம். மறுபடியும் ஏதாவது தெரியாமல் செய்து தொலைக்கக்கூடாது. எங்கள் கோயில் குருக்களுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். பிறகு, "மந்திரம் சொல்லி யாரும் வைக்கல, அதனால மந்திரம் சொல்லி எறக்க ஒண்ணுமில்ல. ஆனா அவங்க கும்பிட்டது நெசம். மனசால குடுத்தத மனசாலயே எடுத்துக்கட்டும். யாரும் வாயத் தெறக்க வேணாம்" என்றார்.

மச்சானிடம் சொன்னேன். அவன் அந்த நாலு பக்க விளக்கத்தை எடுத்து மடித்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டான்.

அப்படித்தான் எடுத்தார்கள். இயந்திரத்தின் நெஞ்சுப் பக்கத்திலிருந்து வெள்ளை நூல். மறுமுனை பால் வாளித் தண்ணீரில். நடுவில் இருபது பேரும் நூலைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வசனம் இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. எல்லாம் அணைந்ததும் அந்த அக்கா நூலை அறுத்து, வாளித் தண்ணீரை எல்லாருக்கும் உள்ளங்கையில் ஒவ்வொரு வாய் ஊற்றினார். இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர் கை தானாகச் செய்தது. குடித்தார்கள். பிறகு பந்தத்தை எடுத்து நடந்துபோய் அவரே வைத்தார். எரியும்போது யார் முகத்திலும் நடிப்பு இல்லை. கேமராவுக்குப் பின்னால் மச்சான் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

மிஸ்ஸி அக்கா கிளம்பும்போது, "நல்லா இருந்திச்சு. ஆனா எனக்குக் கத தெரியும். தெரியாதவங்க சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

சில மாதம் கழித்து, ஈப்போவில் ஒரு சின்னத் தியேட்டரைக் காலையில் இரண்டு மணி நேரத்துக்குப் பிடித்தார்கள். புத்தகம் படிக்காதவர், கதையும் கேட்காதவர் என்று தேடினால் கடைசியில் என் மனைவிதான் அகப்பட்டாள். தம்பி என்பதற்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்கிறவள் இல்லை அவள். "தூக்கம் வந்தா தூங்கிருவேன்" என்று சொல்லித்தான் வந்தாள்.

தூங்கவில்லை. இருமல் சத்தம் வந்த இடத்தில் என் கையைப் பிடித்தாள். விளக்குப் போட்டதும் மிஸ்ஸி அக்கா முன்வரிசையிலிருந்து திரும்பினார்.

"சொல்லும்மா. கடைசில அதுல இருந்தது எங்க போச்சு?"

என் மனைவி அவருக்குப் பதில் சொல்லாமல் தம்பியைப் பார்த்துக் கேட்டாள். "ஏன்டா, அந்த ஓரத்துல ஒருத்தி கைப்பிள்ளையோட நின்னாளே, பிள்ளைக்கு ஏன் ஒரு சொட்டு ஊத்தல? எல்லாருக்கும் போய் சேந்திச்சு, அதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம போயிருச்சே. வளந்து தாத்தா பாட்டிய யாருகிட்ட கேக்கும்?"

மச்சான், "அவங்க அம்மா குடிச்சாங்கல்லக்கா. பால் குடுப்பாங்கல்ல" என்றான்.

"ஆமால்ல" என்று அவள் சமாதானமானாள்.

மிஸ்ஸி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எங்க அந்தப் பேப்பரு?" என்று கையை நீட்டினார். நாற்காலிக் கைப்பிடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படம் வெளிவந்து வாரக்கணக்கில் ஓடியது. கோலாலம்பூரிலிருந்தெல்லாம் மச்சானைக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆண்டவனுக்கும், அன்றைக்குப் பந்தத்தைக் கீழே வைத்த அந்த அக்காவுக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கடனுக்கு அளவில்லை. முதல் காட்சிக்கு இருபது பேரையும் நான்தான் வேனில் ஏற்றிப் போனேன். எழுதியவர் பெயர் திரையில் வந்ததும் அவர்கள் கைதட்டிய தட்டலில், முன்வரிசையில் மிஸ்ஸி அக்கா சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.