மாமா எண்ணிய நிறுத்தம்

முப்பத்தெட்டு வயதில் அவள் மறுபடி மாணவியாகி வகுப்புக்குள் நுழைந்தபோது, பேராசிரியைதான் வந்துவிட்டார் என்று பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். பதினான்கு வருடம் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். நீண்ட விடுப்பு போட்டுவிட்டுப் போக்குவரத்து மாதிரியமைப்பு படிக்க வந்திருந்தாள். கணினிக்குள் ஒரு பொம்மை ஊரை ஓடவிட்டு, எந்தத் தெருக்காரர் எந்தப் பேருந்தில் ஏறுவார் என்று கணிக்கிற படிப்பு.

கடைசித் திட்ட வேலையில் கணினி சொல்வதும், நிறுத்தத்தில் நேரில் எண்ணியதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு பருவம் படிக்க வேண்டும். விடுப்போ அந்த மாதத்தோடு முடிகிறது. அப்புறம் படிப்புக்கு முழுக்குத்தான்.

ஐந்து நிறுத்தங்களில் நான்கு சமர்த்தாக ஒத்துப்போயின. நூலக நிறுத்தம் மட்டும் முரண்டு பிடித்தது. காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் அங்கே அறுபத்தைந்து பேர் ஏறுவார்கள் என்றது கணினி. எண்ணிய தாளில் பதினொன்று. நடக்கும் தூரத்தை மாற்றிப் பார்த்தாள், காத்திருக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தாள். பொம்மை ஊர்க்காரர்கள் மசியவில்லை.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், அந்தத் தாளை நிரப்பியது தன் தாய்மாமா என்பது உறைத்தது. ஓய்வுபெற்ற நடத்துநர். ஆள் போதாமல் அவரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் உட்காரவைத்திருந்தாள்.

"மாமா, அன்னைக்கு சரியாத்தானே எண்ணுனீங்க?"

"முப்பது வருஷம் தலை எண்ணுனவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஏறுனது பதினொண்ணுதான்."

"மத்தவங்க?"

"அவங்களை நான்தான் பின்தெருவுக்கு அனுப்பிட்டேன். அங்க வண்டி காலியா வரும்மா. இங்க எதுக்கு நின்னு நசுங்கணும்?"

எத்தனை பேர் நன்றி சொன்னார்கள் என்பதையும் அவர் எண்ணிவைத்திருந்தார்.

பேராசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இரக்கமே காட்டவில்லை. மறுநாள் காலையில் மறுபடி எண்ணி, மாலை ஐந்துக்குள் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்.

துணைக்கு வருவதாக மாமா செருப்பு மாட்டினார். அவரை அத்தையிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனாள். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பலகையைக் கைகாட்டினாள். பதினான்கு வருட நாக்கு அரித்தது. எட்டு ஐம்பதுக்கு எண்ணிக்கை அறுபதை நெருங்கிவிட்டது.

அப்போது பெட்டியும் கையுமாக ஒருவர், இது ரயில் நிலையம் போகுமா என்று பொதுவாகக் கேட்டபடி படியில் கால் வைத்தார். யாரும் செல்போனிலிருந்து தலை நிமிரவில்லை. வண்டியோ நேர் எதிர்த்திசையில் போவது.

"அண்ணே, இறங்குங்க. இது அங்க போகாது."

வாய் முந்திக்கொண்டது. அவர் இறங்கினார். அதே நினைப்பில் சற்றுமுன் ஏறி உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பேரும் அவர் பின்னாலேயே இறங்கினார்கள்.

ஒன்பது மணிக்கு, அறுபத்தொன்று என்று எழுதினாள். போதுமான நெருக்கம்தான், பேசாமல் கொடுத்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஓரத்தில் சேர்த்தாள்: "மூவர் இறங்கிவிட்டனர். காரணம், எண்ணியவர்."

பேராசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

"பரம்பரை வியாதியாம்மா?" என்று கேட்டுவிட்டு, தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்.