மடித்து வைத்த சாக்குகள்

பதினோரு வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். வாயைத் திறந்துகூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அதனால் என் அத்தையின் பேச்சை அவள் வீட்டிலேயே யாரும் நம்பாமல் போனார்கள். பிற்காலத்தில் நான் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியராக இருந்தேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்திருக்கிறேன். நான் நிற்க வேண்டிய பெஞ்சு மட்டும் காலியாகவே இருந்தது.

அம்மாவின் தம்பி அப்போது ஊட்டியில் ஒரு பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். எங்களுக்குப் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விவசாயம். ஒரு டிசம்பரில், அரையாண்டு விடுமுறைக்கு அப்பாவும் அம்மாவும் என்னை அங்கே கூட்டிப்போனார்கள். அந்த வயதில் ஊட்டி எனக்கு ஒரு ஊராகவே தெரியவில்லை, யாரோ எனக்காகச் செய்துவைத்த விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. காலையில் குதிரைப் பந்தய மைதானத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி. அதை விரலால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டேன். வாயிலிருந்து புகை வந்ததும், பீடி பிடிப்பவர்போல் இரண்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதினேன். அப்பா குரங்குக் குல்லாய் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தேநீரில் வர்க்கியை நனைத்துத் தின்றேன். நான்காம் நாள் ஏரியில் படகு என்று அப்பா சொல்லியிருந்தார். மூன்று இரவுகளும் அந்தப் படகை நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன்.

மாமா இருந்தது பங்களாவுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில். வாசலில் நாற்பது பூந்தொட்டிகள், எல்லாம் மொட்டு விட்டிருந்தன. தை மாதம் பங்களாக்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம். பூக்கள் நன்றாக வந்தால் வேலையும் நிரந்தரம், அந்த அறையும் நிரந்தரம் என்று அந்தம்மா சொல்லியிருந்தார். மாமா தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொழுது சாய்ந்ததும் அவற்றைச் சாக்கால் மூடுவது அத்தையின் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடமே ஆகியிருந்த பெண் அவள்.

அத்தை மூடுவதை மூன்றாம் நாள் சாயங்காலம்தான் நான் கவனித்தேன். பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. விவசாயம் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தக்காளி நாற்றுகளைத் தென்னங்கீற்றால் மூடுவது பகலில், வெயிலுக்குப் பயந்து. பொழுது சாய்ந்தால் கீற்றை எடுத்துவிட வேண்டும், ராத்திரிக் காற்று பட்டால்தான் நாற்று தேறும். வீட்டில் தினமும் கீற்றை எடுப்பவன் நான்தான். வெயில் மட்டுமே செடியைக் கொல்லும் என்பது எங்கள் ஊர்ப் படிப்பு. காலையில் நான் சுரண்டித் தின்ற அந்த வெள்ளைப் பொடிக்குச் செடியைக் கருக்கும் பலம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எல்லோரும் உள்ளே கரியடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது தொட்டிகளிலிருந்தும் சாக்கை எடுத்தேன். அப்பா பழக்கியபடி ஒவ்வொன்றையும் நான்காக மடித்துச் சுவரோரம் அடுக்கினேன். காலையில் மாமா பார்த்துச் சந்தோஷப்படுவார் என்றுதான் செய்தேன்.

காலையில் தொட்டிகளில் இருந்தவை செடிகள் இல்லை. வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் துவண்டு கிடந்தன.

"மூடலியா நீ?" என்று அத்தையிடம் கேட்டார் மாமா.

"மூடுனேங்க. நாப்பதையும் நான்தான் மூடுனேன்."

"மூடுனவளா சாக்கை இப்பிடி அடுக்கி வெச்சிருக்கற? மடிச்சது மடிச்சபடி கெடக்குது, பாரு!"

அத்தையும் அந்த அடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என் பக்கம் திரும்பினார். "டேய், நேத்து நீ இங்கதானே சுத்திக்கிட்டிருந்த? அத்தை மூடுனதைப் பாத்தியாடா?"

படகுக்குக் கிளம்ப அப்பா சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அடி விழும், படகும் போய்விடும். பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். அத்தை என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே படகுக்குப் போனேன்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: படகில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். தண்ணீருக்குள் கைவிட்டுக் குளிரில் கத்தினேன். கரைக்கு வந்ததும் இன்னொரு சுற்று வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

பொங்கலுக்குள் மாமாவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இருவரும் சொந்த ஊரான இண்டூருக்கே திரும்பி, கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துப் பிழைத்தார்கள். விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம் அத்தை என் இலையில் இனிப்பைக் கூடுதலாக வைப்பாள். நான் தலை நிமிராமல் தின்றுவிட்டு எழுவேன்.

போன டிசம்பரில் மகன் குடும்பத்தோடு மறுபடி ஊட்டிக்குப் போனேன். பேரப்பிள்ளைகள் உறைபனியின் மேல் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வாசலில் ஒரு பெண் தொட்டிகளைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே அதற்கு மேல் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாளே தனியாகப் பஸ் ஏறி இண்டூருக்கு வந்தேன்.

அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மாமா இறந்து எட்டு வருடம். "வாடா கண்ணு, என்னா இப்பிடி எளைச்சுப் போயிட்ட? சுகர் இருக்குதா?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வேலையும் வீடும் என்னால்தான் போயின என்றேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப சாக்கை மடிச்சது நீயா?"

"நான்தாங்க அத்தை."

"நாலா மடிச்சது?"

"ஆமாங்க."

அத்தை பெரிதாக மூச்சுவிட்டாள். "அறுவது வருசமா யோசிச்சிருக்கறன்டா. நான் எந்தச் சாக்கையும் நாலா மடிக்கறவ இல்ல, சுருட்டிப் போடறவ. வேலை போனா போவுது. அந்தக் குளுருல எனக்குக் கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். கீழ வந்ததே நிம்மதி. ஆனா எப்பச் சண்டை வந்தாலும் உங்க மாமா, 'சாக்கு மூடாதவதானே நீ'ன்னுவாரு பாரு, அதுதான் பொறுக்கலை." கையை ஊன்றி எழுந்தாள். "வா. இங்க வந்து சொல்லு."

மாமாவின் படத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினாள். பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தலையாட்டுவது எளிதாக இருந்தது, இப்போது வாயால் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "மாமா, அத்தை மூடுனாங்க. நான்தான் எடுத்துட்டேன்."

"சத்தமா சொல்லுடா. அவருக்குக் கடைசியில காது மந்தம்."

சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அத்தை படத்தைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

பிறகு என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "அன்னிக்கு நீயும் இல்லைன்னு தலையாட்டுனதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூடுனனா இல்லியான்னு. அப்பறம் கையை மோந்து பாத்தேன். சாக்கு நாத்தம் அப்பிடியே இருந்துச்சு. சரி, நாம மூடுனது நெசந்தான்னு தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா மோந்து பாருங்கன்னு யாருகிட்டப் போயி கையை நீட்டறது?" சொல்லிக்கொண்டே, சுருங்கிய இரண்டு உள்ளங்கைகளையும் அன்று வைத்ததுபோலவே முகத்தோடு சேர்த்து வைத்துக் காட்டினாள்.

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு வருசம் அங்க இருந்தும் நான் ஏரியில அந்த போட்டுல ஏறுனதில்ல. எப்பிடிடா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அத்தை" என்றேன். அவளிடம் மறைத்துப் பொய் சொல்ல இனி என்னிடம் எதுவும் இல்லை.