குழைசோற்றுப் பெருநாள்

சண்டை முடிந்து பாதைகள் திறந்து பல வருஷங்கள் கழித்து, புத்தளத்துப் பாலாவிக்கு அப்பால், களப்பு என்கிற கடல்நீர் ஏரியைப் பார்த்தபடி இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பொறுப்பாளராக வேலை செய்தேன். அங்கே பாதிப்பேர் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து கரைத்தீவுப் பக்கம் குடியேறிய முஸ்லிம்கள், மீதிப்பேர் கற்பிட்டிக் கரையின் கத்தோலிக்க மீனவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குளியலறைத் தரை ஈரமாகக் கிடந்தால் நான் போடும் சத்தம் வீதியில் போகிற லொறிக்காரருக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே! அந்த இல்லத்தில் நான் இருந்தவரை ஒருவரும் வழுக்கி விழவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பகல் சாப்பாடு சஹனில்தான். சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. அதற்கென்று சில மரியாதைகள் உண்டு. நல்ல துண்டு நம் பக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. எங்கள் ஆண்கள் சஹனில் ஐந்து முஸ்லிம்களோடு ஒரு கத்தோலிக்க மீனவரும் சேர்ந்திருந்தார். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று அவர்களே இழுத்துப் போட்டுக்கொண்ட ஆள் அவர்.

அந்த ஐவரில் ஒருவர் மன்னாரில் கடை வைத்திருந்தவர். அவரை நான் வாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்திருந்தார். அவருக்கு விழுங்குவது கஷ்டம், மசித்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதை நான் எல்லோருக்கும் சொல்லியும் வைத்திருந்தேன். அவருக்கென்று மசித்த சோற்றைச் சஹனில் அவர் பக்கத்து ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அது கத்தோலிக்கர்களின் தவக்காலம். தவக்காலத்து வெள்ளியில் நம் மீனவர் இறைச்சியைத் தொடமாட்டார். தன் பக்கம் கிடந்த பெரிய இறைச்சித் துண்டை, நான் சொன்னதை மறந்து, மரியாதை தவறாமல், பக்கத்திலிருந்த வாப்பாவின் பக்கம் தள்ளிவிட்டார். மற்றவர் அன்போடு கொடுத்ததை மறுப்பது வாப்பாவுக்கு மரியாதையில்லை. வாயில் போட்டுக்கொண்டார்.

தொண்டை அடைத்து முகம் நீலம் பாரித்துவிட்டது. நான் பாய்ந்து போய் அவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி ஓங்கி அடித்தேன். துண்டு பறந்து போய் மீனவரின் தண்ணீர்க் கிளாசுக்குள் விழுந்தது. மற்ற ஐவரும் ஒரே குரலில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள், மீனவர் உட்பட.

அன்றிலிருந்து வாப்பாவுக்குத் தனி மேசை, தனிக் கோப்பை, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள். பாதுகாப்பில் ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், அவர் சாப்பிடவில்லை. இரண்டு கரண்டி போனால் வாயை இறுக்கிக்கொள்வார். நோன்பும் வந்துவிட்டது. சஹனிலிருந்த மற்ற முஸ்லிம்கள் நோன்பு பிடிக்க, பகலில் அவர் மட்டும் தனியே உட்கார்ந்திருப்பார். நோன்புப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் டொக்டர் வந்து பார்த்தார். இன்னும் மெலிந்தால் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கால் குழாய் போட வேண்டிவரும் என்றார். குழாயோடு படுத்தால் இந்த மனிதர் எழும்பமாட்டார் என்று பயந்தேன்.

"ஏன் வாப்பா, ருசி இல்லையா?" என்று கெஞ்சினேன்.

குழறிக் குழறித்தான் பேசினார். "ருசிக்கு என்ன மகள், நல்லாத்தான் இரிக்கு. நான் என்ன பூனையா? மூலையில வெச்சுத் தாறீங்க."

வெளியே வந்தால் மற்ற ஐந்து பேரும் கதவடியில் நின்று எனக்கு நியாயம் சொல்லத் தொடங்கினார்கள். பெருநாளன்றாவது அவரைச் சஹனில் விட வேண்டுமாம். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ!

"புரியாணிச் சஹன்ல அவர உக்காத்திச் சாகடிச்சு மையித்தாக்கவா? அவ்வளவு பாசமெண்டா அவர் திங்கிறத நீங்களும் தின்னுங்களேன் பாப்பம்!"

அவர்கள் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். மீனவர் தலையைச் சொறிந்தார்.

"ஓம் மிஸ். நான் ரெடி. அந்தத் துண்டைத் தள்ளினவன் நான்தானே."

மற்ற நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஒரு மாதமாகப் பெருநாள் புரியாணியைக் கனவு கண்டவர்கள் அவர்கள்.

பெருநாள் தொழுகை முடிந்தது. வட்ட மேசையில் சஹனை வைத்து, பாயில் இருக்கும் வழக்கத்தை விட்டு, ஆறு கதிரை போட்டேன். தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து மசித்த சோறு, கூழான பூசணி, முள் இல்லாமல் பிசைந்த அறக்குளா மீன். தள்ளிவிடுவதற்கு ஒரு துண்டுகூட அதில் இல்லை. வாப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தேன். நாடி நெஞ்சைப் பார்த்துத் தாழ்ந்திருக்க வேண்டும், சின்னச் சின்ன வாய், வாய்க்குள் சோறு இருக்கும்போது கதை கூடாது என்றேன். அந்தக் கடைசிச் சட்டம் மற்ற ஐவருக்கும் பெரிய தண்டனை. அடுப்படியிலிருந்து புரியாணி வாசம் வேறு வந்துகொண்டிருந்தது.

வாப்பா பிஸ்மி சொல்லி, இடக்கையால் முதல் வாய் எடுத்தார். விழுங்கினார். இரண்டாவது. மூன்றாவது. நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அவரை முந்திவிடாமல் விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே விருந்தே மருந்தாகி ஒரு தட்டில் கிடந்தது.

அரைமணிக்கு மேல் போனது. ஒருவரும் எழும்பவில்லை. வாப்பா தன் பக்கத்தை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மகள், சோறு காணாது. இன்னும் வைங்க."

அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். மறைக்கவும் இல்லை. மீனவர் புரியாணிப் பக்கம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சஹனில் கையை வைத்தார்.

இரண்டாம் முறையும் முடிந்து கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது வாப்பா ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நாளைக்கும் இதே ஆக்கள்தானே?"

நான் வாய் திறப்பதற்குள் மீனவர் முந்திக்கொண்டார்.

"நாளைக்கும் நாங்கதான். மிஸ், உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க."